கிருமி மாமாவின் காவல்

கொழும்பு வெள்ளவத்தையில் கிருமிகளை நிம்மதியாக வாழவிடாத ஒரே மனிதர் எங்கள் கிருமி மாமாதான். எங்கள் தொடர்மாடியில், முதலாம் மாடியில் தனியே இருந்த ஓய்வுபெற்ற கிளார்க். லிஃப்ற் பொத்தானை முழங்கையால்தான் அழுத்துவார். காலைப் பத்திரிகையை ஒருமுறை அயர்ன் பண்ணிச் சூடு காட்டிய பிறகே வாசிப்பார். அவருடைய சொந்தப் பெயர் தபாற்காரருக்கு மட்டுமே தெரியும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் எனக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் என் தங்கையின் எலும்பு மச்சையை எனக்கு ஏற்றி, உயிரோடு திருப்பி அனுப்பினார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி அறவே இல்லை, சின்னச் சளித் தடிமனே ஆளைக் கொண்டுபோய்விடும், சில மாதங்களுக்குச் சனத்தோடு சேரக் கூடாது என்று டொக்டர் எச்சரித்திருந்தார். என் மனைவி வதனி இதை யாரிடமோ சொல்ல, மாமாவின் காதில் விழுந்தது. வாழ்நாள் முழுதும் அவர் காத்திருந்த நோயாளி நான்தான்.

மறுநாளே மூன்றாம் மாடிக்கு ஏறி, எங்கள் வாசலில் கதிரை போட்டு இருந்துவிட்டார். பூக்கொத்தோடு வந்தவர்களும் திராட்சைப்பழத்தோடு வந்தவர்களும் படியோடு திரும்பினார்கள். பாமன்கடையிலிருந்து வந்த பெரியம்மா அழுதபடி உள்ளே வரப் பார்த்தார்.

"தம்பியைப் பார்க்க வந்தனீங்களோ, தொட வந்தனீங்களோ?"

பெரியம்மா திகைத்துப்போய், பார்க்கத்தான் என்றார்.

"அப்ப அங்கை நிண்டு பாருங்கோ."

ஒரு பிற்பகல், நகரில் எங்கோ குண்டு வெடித்து, எங்கள் தெருவில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு. எல்லோரும் அடையாள அட்டையோடு கீழே இறங்கக் கட்டளை. முற்றம் நிறையச் சனம். இருமல் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் இறங்கவில்லை; வதனியும், வாசல் கதிரையில் மாமாவும் என்னோடு நின்றுவிட்டார்கள். சற்று நேரத்தில் சப்பாத்துச் சத்தம் மேலே ஏறி வந்தது.

அதிகாரி என் அட்டையை வாங்கினார். படத்தில் அடர்ந்த தலைமயிரும் மீசையும். எதிரே இருந்ததோ மொட்டைத் தலை, மருந்தால் பூசணிக்காயாக வீங்கிக் கறுத்த முகம்.

"மே கவுத?" என்றார். இது யார்?

நான்தான் என்று சொல்ல எனக்கே நம்பிக்கை வரவில்லை. ட்ரக்கில் ஏறும்படி கைகாட்டினார்.

மாமா துப்பாக்கிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார். எனக்கு என்ன நோய், கூட்டத்தில் நின்றால் என்ன ஆகும் என்று, கந்தோரில் வேலைசெய்து பழகிய தன் சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் உள்ளே கால்வைக்க, மாமா வாய்தவறிச் சொல்லிவிட்டார், சப்பாத்தைக் கழற்றும்படி. சிப்பாய் தன் காலைப் பார்த்தான். பிறகு அதிகாரியைப் பார்த்தான்.

மாமா மெதுவாகத் தன் அட்டையை நீட்டினார். தன் படமும் முகமும் பொருந்துகின்றன, எனக்குப் பதிலாகத் தன்னைக் கொண்டுபோகலாம், நான் வேறு ஆள் என்று தெரிந்தால் தன்னையே வைத்திருக்கலாம் என்றார். அதிகாரி யோசித்துவிட்டு, அவரைத்தான் இறக்கிக்கொண்டு போனார்.

பஸ்ஸில் பக்கத்தில் ஆள் வந்து இருந்தால் இறங்கி நடக்கிற மனிதர். அன்று பொலிஸ் நிலையக் கூண்டில், கால்நீட்ட இடமில்லாத சனத்துக்குள் கிடந்தார். வதனி ஒரு சட்டத்தரணியைப் பிடித்து மறுநாள்தான் வெளியே எடுத்தாள்.

வந்தவர் எங்கள் பக்கமே வரவில்லை. பயந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். பின்னேரம் ரெலிபோன் அடித்தது.

"தம்பி, அங்கை ஒருத்தன் விடாமல் இருமினவன். ரெண்டு கிழமைக்கு நான் உங்கட வாசலுக்கு வரமாட்டன். கோவிக்காதேயும்."

அடித்தார்களா என்று கேட்டேன்.

"அதை விடும். உமக்குக் காய்ச்சல் இல்லைத்தானே?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அதைத் தடிமன் என்று நினைத்து, இன்னும் ஏன் டொக்டருக்கு அறிவிக்கவில்லை என்று ஏசத் தொடங்கினார். அவர் ஏசி முடியும்வரை நான் ரெலிபோனை வைக்கவில்லை.