விடுதலைக்காரர்கள்

பதினோரு வருடமாக எனக்கு ஒரு குறை உண்டு. ஊரிலுள்ள நல்லவர்களெல்லாம் புண்ணியம் செய்துவிட்டுப் போகிறார்கள். அதை வலைபோட்டு அள்ளுகிறவன் நான்.

என் வேலை அப்படி. ஃபூஜோ நகரத்தில், எங்கள் பெரிய பூங்காவுக்கு நடுவே பழைய புத்தர் கோயில். கோயிலுக்கு முன்னால் ஆலமரங்களின் நிழலில் ஒரு குளம். பிடிபட்ட உயிரைக் காசு கொடுத்து வாங்கி, இந்தக் குளத்தில் விட்டால் ஆயுள் கூடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அப்படி விட வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் விடுதலைக்காரர்கள். மறுநாள் காலையில் படகில் போய், மல்லாந்து மிதக்கும் விடுதலைகளை அள்ளி வாளியில் போட வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதும் என்று கொடுத்திருக்கிறார்கள்.

விடுதலைக்காரரை அடையாளம் காண்பது சுலபம். பௌர்ணமி, அமாவாசைக்கு மறுநாள் இரண்டிலும் வருவார். ஒரு கையில் தண்ணீர் தளும்பும் பிளாஸ்டிக் பை, மறு கையில் போன். வாசலில் மீன் விற்கிறவளிடம், "புண்ணியத்துக்குத்தானே வாங்குறேன், சமைக்கவா போறேன், கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று கருணையையும் பேரம் பேசி, பாதி செத்ததாகப் பார்த்து மலிவாக வாங்கி, "இங்கே எதையும் விட வேண்டாம்" என்று பிக்குகள் எழுதி வைத்த பலகையை நின்று நிதானமாகப் படித்து, "நல்ல கருத்து" என்று தலையாட்டி, அதன் நிழலிலேயே உட்கார்ந்து பையின் முடிச்சை அவிழ்ப்பார். விட்டது படத்தில் சரியாக விழவில்லையா? இன்னொன்றை விடுவார். முடிந்ததும் நேராக வாசலுக்குப் போய் மீன் உருண்டை சூப் குடிப்பார். அந்த மீனை யார் விடுவிப்பது? அது வேறு மீன் என்பார்.

எதைத்தான் விடவில்லை இவர்கள்? கடல் நண்டை நல்ல தண்ணீரில் விட்டார்கள். ஒரு மகராசன் மூங்கில் தோப்பில் பாம்பை விட்டார். வருடக்கணக்காக அங்கே கையை மெல்ல மெல்ல அசைத்துப் பயிற்சி செய்யும் பெரியவர்கள் அன்றுதான் வேகமாக அசைந்தார்கள். துடுப்பு கிழிந்த ஒரு கெண்டை ஒரே மாதத்தில் நான்கு தடவை விடுதலையானது. மாலையில் எவனோ பிடிப்பான், காலையில் வாசலில் விற்பனைக்கு வரும். ஒரு மீன் எவ்வளவு விடுதலையைத்தான் தாங்கும்? ஐந்தாம் தடவை என் வாளிக்கு வந்துவிட்டது.

இந்தக் கூட்டத்தின் தலைவி ஜுவாங் அக்கா. துணிக்கடையில் முப்பது வருடம் அளந்து கிழித்த கை, பேச்சும் அப்படியே. இந்த வசந்தத்தில் ஒரு நாள் காலை எட்டரைக்கு அட்டைப்பெட்டியோடு வந்தார். அவர் வீட்டுக்காரர் ஃபாங்குக்கு ஒன்பது மணிக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் மகளை உட்காரவைத்துவிட்டு இவர் இங்கே ஓடி வந்திருக்கிறார். பெட்டிக்குள் ஓர் ஆமை. அதன் ஓட்டில் சிவப்புப் பெயிண்டில் வீட்டுக்காரர் பெயர்.

ஆமையின் காலைப் பார்த்தேன். விரலுக்கு நடுவே சவ்வு இல்லை. யானையின் கால் மாதிரி கட்டை குட்டையாக இருந்தது.

"அக்கா, இது தரை ஆமை. நீந்தாது. முங்கிச் செத்துடும்."

"ஆமை முங்குமாம். மீனுக்குக் குளிருமா வெங் அண்ணே?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"நாலு."

"எம் பொண்ணு காலேஜ்ல பாடம் எடுக்கிறா. அவகிட்ட கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

"என்ன பாடம் எடுக்குது?"

"கணக்கு."

"அப்ப ஆமைக்கு எத்தனை காலுன்னு சரியாச் சொல்லியிருக்கும்."

அக்கா என்னைக் குளத்துப் பாசியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்த நேரம் வந்துவிட்டது. ஆமையை இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீரில் விட்டு, கண்ணை மூடிக் கைகூப்பினார். உதடு முணுமுணுத்தது. ஃபாங்கின் பெயர் சிவப்பாக, நேராக, ஒரு செங்கல் போகிற வேகத்தில் அடிக்குப் போனது. கொஞ்சம் குமிழி வந்தது. பிறகு வரவில்லை.

நான் வலையை இறக்கித் தூக்கினேன்.

கண்ணைத் திறந்தால் வலையில் தொங்குகிறார் வீட்டுக்காரர். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க. விட்ட உயிரைத் தூக்கிட்டீங்களே. இப்பத்தான் அவரை உள்ள கொண்டு போயிருப்பாங்க."

"முங்கினவரைத் தூக்குறது தப்பா அக்கா?"

அக்கா கற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் போனைத் திருப்பி எங்களைப் படம் பிடித்தார். நான் ஆமையைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தேன். மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"உசுரு இருக்கா?" அந்தக் குரலை அதற்கு முன் நான் அவரிடம் கேட்டதில்லை.

வெகுநேரம் கழித்துக் கழுத்து ஒரு விரற்கடை வெளியே வந்தது.

அடுத்து என்ன செய்வது? தண்ணீரில் விட்டால் சாகும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விட்டதைத் திரும்ப எடுத்தால் கொடுத்த ஆயுளைத் திரும்ப வாங்கியதாகும் என்பது இவர்கள் சட்டம். ஆக, விட்டவரிடமும் போகாமல், விற்றவளிடமும் போகாமல், ஆமை என் வீட்டுத் துணி துவைக்கும் தொட்டிக்கு வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது. மூன்று நாள் தாண்ட வேண்டும் என்றார்களாம். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்குக் கூப்பிட ஆரம்பித்தார். ஆமை கழுத்தை நீட்டுதா? நடக்குதா? எந்தத் திசையில் நடக்குது? முதல் நாள் அது அரை முட்டைக்கோஸ் தின்றது. அங்கே ஃபாங் கண் விழித்தார். இரண்டாம் நாள் தொட்டிக்குள் சுற்றி வந்தது. அவரை எழுப்பி உட்கார வைத்தார்கள். நான் மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து அது எதையும் தொடவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. முட்டைக்கோஸ் வைத்தேன். வள்ளிக்கிழங்கு இலை வைத்தேன். வேலைக்குப் போகாமல், முகம் தெரியாத ஒருவர் பெயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "தின்னுய்யா, ஒரு வாய் தின்னு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சிரிக்கலாம். நமக்கு இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது என்று சொல்லலாம். உங்களுக்கு வேண்டிய ஒருவரைக் கட்டிலில் வைத்துக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகட்டும். வெளியே நிற்கும்போது உங்கள் கையில் எந்தப் பை தளும்புகிறது என்று குனிந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். வாளியோடு நான் பின்னால்தான் வருவேன்.

மத்தியானம் போன் அடித்தது.

"வெங் அண்ணே, காலைலேர்ந்து அவருக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கல. டாக்டர் ஒண்ணுமில்லங்கிறாரு. ஆமை சாப்பிட்டுச்சான்னு பாருங்க. சாப்பிடலன்னா எங்கிட்ட சொல்லாதீங்க. சாப்பிட வைங்க."