மூன்றாவது வளைவில் நின்ற யானை

சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனை ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "இப்ப முனகுனேல்ல, அதே மாதிரி இன்னொருக்கா முனகு" என்று கேட்டார்கள். (முனகினேன். கைதட்டினார்கள்.) இந்தத் தொழிலில் இருக்கும் பெரிய வசதியும் அதுதான். என்ன சொன்னாலும் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. மேடையை விட்டு இறங்கினால் அந்த வசதி செல்லாது என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

இன்றைக்கு நான் பாட்காஸ்ட் நடத்துகிறேன். வீட்டு மாடியில் ஒரு அறை, எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகள், நடுவில் ஒரு மைக். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிழைக்க வெளியூர் போனவர்கள் கேட்கிறார்கள். "எப்படி சார் இந்தத் துறைக்கு வந்தீங்க?" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால், "சின்ன வயசுல இருந்தே ஆர்வம்" என்று சொல்லி வைக்கிறேன். உண்மையில் என்னை இந்தத் துறைக்கு அனுப்பி வைத்தது ஒரு யானை. அதுவும் இல்லாத யானை.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் மேடையில் பல குரல் நிகழ்ச்சி நான்தான். பேருந்து நடத்துனர், திராட்சைத் தரகர், ஏலத் தோட்டத்துக் கங்காணி என்று எல்லாக் குரலும் வரும். ஆனால் கூட்டம் காத்திருப்பது கடைசியில் வரும் யானை ஐட்டத்துக்கு. இரண்டு பாதி அதற்கு. முதல் பாதியில் வனக்காவலர் ஒருவர் வயர்லெஸ்ஸில், கேரளாவுக்கு மலையேறும் மெட்டு ரோட்டில் யானை நிற்கிறது என்று பதறாத குரலில் அறிவிப்பார். இரண்டாவது பாதியில் யானையே வந்து, பாதி மலையாளத்தில், "சேட்டா, எனக்கு ஒரு சாயா" என்று கேட்கும். முதல் பாதியில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அவ்வளவு தத்ரூபமாக இருக்கும். இரண்டாவது பாதியில் இரண்டு முறங்களைக் காதில் கட்டிக்கொண்டு நான் திரும்பும்போதுதான் கூட்டம் உருளும்.

உருளாத ஒரே ஆள் தங்கப்பாண்டி மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை மேல் கேரளாவுக்குப் போய்வருவது அவர் தொழில். அவர் மகள் கௌசல்யாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. (ஏன் என்று இன்று வரை கேட்டதில்லை. கேட்டு, அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் வம்பு.) அம்மா போய்ப் பெண் கேட்டபோது மாமா சொன்ன பதில் எங்கள் தெருவுக்கே கேட்டது.

"மொறத்தக் காதுல கட்டிக்கிட்டு ஆடுறவனுக்கு எப்பிடித்தா பொண்ணு குடுக்க? மாசச் சம்பளத்துல போயி உக்காரட்டும், பாப்போம். அதுவரைக்கும் என்னைய மாமான்னு கூப்பிடப்படாது."

பெண் தர மாட்டேன் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இரண்டாவது நிபந்தனைதான் உயிரை வாங்கியது. மாமா என்று கூப்பிடக் கூடாது என்றால் வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அண்ணே என்றால் கௌசல்யா எனக்கு மகள் முறையாகிவிடுவாள். சித்தப்பா என்றால் தங்கை. சார் என்றால் அவர் பின்னால் திரும்பி யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். கடைசியில் அவரைக் கண்டால் இருமுவது என்று முடிவு செய்தேன். டீக்கடையில் நான் இருமினால் அவர் திரும்புவார். இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. (எனக்கு நெஞ்சுக்கோளாறு என்று ஊரில் பேச்சு கிளம்பி, அம்மா என்னைக் கம்பத்துக்கு எக்ஸ்ரே எடுக்க இழுத்துக்கொண்டு போனாள்.)

அந்த நேரத்தில்தான் கௌசல்யா ஒரு செய்தி கொண்டுவந்தாள். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் சின்ன வானொலி நிலையத்தில் காலை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். நிலையப் பொறுப்பாளர் செல்வராணி மேடம் என் குரலைக் கேட்டுவிட்டு, "கொஞ்ச நாள் பாப்போம், ஒழுங்கா வந்தா நிரந்தரம்" என்றார். இதை அம்மா மாமாவிடம் சொல்ல, "நெரந்தரம் ஆன பொறகு வந்து சொல்லு" என்று பதில் வந்தது. ஆக, நிரந்தரம் என்ற ஒரு சொல்லில் என் சம்பளம், கல்யாணம், தொண்டை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

வானொலிக்கென்று புதிதாக ஒரு குரல் தயார் செய்தேன். அடிவயிற்றிலிருந்து வரும், கனமாக இருக்கும், மூன்று பிள்ளைகளைக் கரையேற்றிய தலைமை ஆசிரியரின் குரல் மாதிரி. அதில் திராட்சைக்கு மருந்தடிக்கும் பக்குவம் சொன்னேன், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கே நிம்மதியாக இருந்தது.

அன்று காலையும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஜீப்புகள் அடிவாரத்தைத் தாண்டி மெட்டு ரோட்டில் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். அடுத்த பாட்டைச் சொல்லிவிட்டு மைக்கை அணைக்கப் போனேன். பாட்டு வரவில்லை. கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் எழுந்து, மாவு பிசைவது போலக் கையை ஆட்டி, எதையாவது பேசு என்று சைகை காட்டிவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்து வயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார். வானொலியில் சத்தமில்லாமல் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

என் தலையில் ஒன்றும் இல்லை. திராட்சை போய்விட்டது, மருந்து போய்விட்டது, என் பெயரே போய்விட்டது. வாய் மட்டும் பழகிய பாதையில் தானாகப் போனது. தொண்டையில் வயர்லெஸ் கரகரப்பு வந்தது. பிறகு வனக்காவலர் வந்தார்.

"மெட்டு ரோடு, மூணாவது வளைவுல ஒத்தக் கொம்பு யானை நிக்கிது. வண்டியெல்லாம் அங்கங்கனயே நிறுத்திக்கிருங்க. யாரும் ஹாரன் அடிக்கப்படாது."

மூச்சை இழுத்து யானையாக மாறிச் சாயா கேட்க வாயைத் திறந்தேன். சரியாக அந்த நேரத்தில் கம்ப்யூட்டருக்கு உயிர் வந்து பாட்டு ஆரம்பித்துவிட்டது. யானை ஐட்டத்தின் முதல் பாதி மட்டும் பள்ளத்தாக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

மெட்டு ரோட்டில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரே வருகிறவன் கையைக் காட்டினால் ஏன் என்று கேட்காமல் நிறுத்திவிடுவார்கள். முன்னால் போன வண்டி திரும்பினால் பின்னால் வருகிறதும் திரும்பிவிடும். யானை விஷயத்தில் விசாரித்துக்கொண்டு நிற்பது உடம்புக்கு ஆகாது என்பது அவர்கள் அனுபவம். எனவே ஒரு ஜீப்பில் வானொலி பாடினால் போதும். அன்று பல ஜீப்புகளில் பாடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி அடித்தது. அடிவாரத்து டீக்கடையிலிருந்து ஒருவர். "தம்பி, நானும் பாத்தேன். பின்பக்கம் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. நல்லா வளந்த ஆளு." வைத்த கையோடு இன்னொருவர். "கூட குட்டி ஒண்ணு நிக்கிதுங்க." (ஒற்றைக் கொம்பு ஆண் யானை எப்போதிலிருந்து பிள்ளை வளர்க்க ஆரம்பித்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.) மேஜைக்கு அடியிலிருந்து தலையில் ஒட்டடையோடு எழுந்து வந்த மேடம், "யானைச் செய்தியா? நல்லவேளை உடனே சொன்ன. இன்னொருக்கா சொல்லு, ஜனங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதை நாலு பேர் நம்பியிருக்கிறார்கள். அது ஒரு மாதிரி போதையாக இருந்தது. தவிர, அத்தனை பேர் பார்த்துவிட்டார்கள் என்றால் யானை நிற்கத்தானே செய்யும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தலைமை ஆசிரியர் குரலில் இன்னொரு முறை சொன்னேன்.

அடுத்த அழைப்பை மேடம் நேரடியாக ஒலிபரப்பில் கொடுத்தார்.

"வணக்கம், யார் பேசுறீங்க? எங்கிருந்து பேசுறீங்க?"

"தங்கப்பாண்டி. ஜீப்பு. மெட்டு ரோட்டுல இருந்து."

எனக்கு இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு, "ரேடியோ சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றேன். புதுக் குரல் என்பதால் அவருக்கு ஆள் தெரியவில்லை.

"அத விடுங்க தம்பி. மூணாவது வளைவுக்குக் கிட்டத்துல வந்துட்டேன். திருப்ப எடமில்ல. பின்னாக்கயே எறக்கிக்கிட்டு இருக்கேன். வண்டி நெறயாப் பொம்பளையாளுக. யானை மலைப் பக்கம் நிக்கிதா, பள்ளத்துப் பக்கம் நிக்கிதா, அத மட்டும் வெரசாச் சொல்லுங்க."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, யாரோ ஒரு பெண் போனை அவர் காதில் பிடித்திருக்க வேண்டும். அவள் குரல் பக்கத்திலேயே கேட்டது. "அண்ணே, டயரு ஓரத்துக்குப் போகுது. பாத்துண்ணே. ஆத்தா, நீதான் பாத்துக்கணும்."

அது வரைக்கும் எனக்குள் எங்கோ சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் செத்தே போனான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலை போனால் கௌசல்யா இல்லை. சொல்லாவிட்டால் அந்த வண்டி போகும். யோசித்து முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. பயத்தில் தலைமை ஆசிரியர் ஓடிவிட்டார், என் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"மாமா, வண்டிய நிறுத்துங்க. யானையெல்லாம் இல்ல மாமா. அது நான்தான்."

இஞ்சின் உறுமல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஹேண்ட்பிரேக்கை இழுக்கும் சத்தம். வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் யானையைப் பற்றிக் கேட்கவில்லை.

"யாருக்கு யாருடா மாமா?" என்றார்.

"அண்ணே, ரேடியோவுல பேசுறது உங்க மருமகனா?" என்றாள் போனைப் பிடித்திருந்தவள். "இத்தன நாளா சொல்லவே இல்லையே."

"நம்ம கௌசல்யாவுக்கா?" என்றது பின்சீட்டு.

"எப்பண்ணே பூ வச்சீக? எங்களுக்கெல்லாம் ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றது இன்னொரு குரல்.

இவ்வளவும் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. மேடம் பாய்ந்து வந்து பாட்டைப் போட்டார். என் பக்கம் திரும்பினார்.

"யானை இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்ப குட்டி?"

"அதுதான் மேடம் எனக்கும் புரியல."

அவர் திட்டவில்லை. யானை இல்லை என்று தானே மைக்கில் அறிவித்துவிட்டு, சாயங்காலம் வரை என்னை ரெக்கார்டிங் அறையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருந்தேன். ஜீப்புகளெல்லாம் தாமதமாகத் தோட்டம் போய்ச் சேர்ந்தன என்றும், எல்லாரும் தாமதம் என்பதால் கங்காணிகள் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் மதியம் தெரிந்தது. பாதி உயிர் திரும்பியது. மீதிப் பாதி மாமாவின் ஜீப்பில் வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஜீப் வந்து நிலையத்து வாசலில் நின்றது. பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்த பேச்சியக்காதான் காலையில் போனைப் பிடித்திருந்தவள் என்று குரலில் தெரிந்தது.

"எங்கய்யா அந்த யானை?"

வெளியே போனேன். விளக்குமாறு இருக்கிறதா என்று முதலில் அவர்கள் கைகளைப் பார்த்தேன். தூக்குவாளிகள்தான் இருந்தன.

"திருவிழாவுல செய்வேல்ல, அந்த ஐட்டந்தான இது? யானை சாயா கேக்கும்ல?" என்றாள் பேச்சியக்கா. "காலையில உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு பாதியத்தான் கேட்டோம். மிச்சத்தச் செய்யி."

செய்தேன். முறம் இல்லாததால் இரண்டு பழைய ஃபைல் அட்டைகளைக் காதோடு பிடித்துக்கொண்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் மேடமும் ஜன்னலுக்கு வந்துவிட்டார். மாமா ஜீப்பில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, நாம பள்ளத்துல போயிருவோம்னு பதறிப்போயில்ல தம்பி சொல்லிருச்சு. பொழப்புப் போனாப் போகுதுன்னு" என்றாள் பேச்சியக்கா.

மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னார். "நாளைக்கு ஒங்காத்தாளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வா. ஊரு பூராம் மருமகன்னு சொல்லியாச்சு. இனி இல்லன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா நான் போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியவா?"

இரும வாயெடுத்தேன். வேண்டியதில்லை என்று சட்டென்று உறைத்தது. "சரிங்க மாமா" என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். (பெண்கள் அதையும் ஐட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.)

நேரலையில் இனிமேல் என்னை விடுவதில்லை என்று மேடம் முடிவு செய்தார். தண்டனையாக, பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அவர் கேட்டு முடித்த பிறகு போகும் நிகழ்ச்சிகள் மட்டும் எனக்கு. ஊர் ஊராகப் போய் ஜனங்களைப் பேச வைத்துப் பதிவு செய்தேன். பேசுவதைவிடக் கேட்பதில் எனக்கு ருசி வந்தது அப்படித்தான். வருசநாட்டுப் பக்கம் பதிவு செய்த பேட்டிகளைக் கேட்டுவிட்டுத்தான் என்னை நிரந்தரம் ஆக்கினார். பிறகு சொந்தமாக பாட்காஸ்ட் ஆரம்பித்தபோது கௌசல்யா அதற்கு 'மூணாவது வளைவு' என்று பெயர் வைத்தாள். அதில் ஏதோ வாழ்க்கைத் தத்துவம் இருப்பதாகக் கேட்கிறவர்கள் எழுதுகிறார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சொன்னதை வெட்டி எறிய வழியுள்ள தொழில் கிடைத்ததே என்ற ஆறுதல் மைக்கைப் போடும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

வீட்டில் மட்டும் எதையும் வெட்ட முடியவில்லை. விருந்துக்கு யார் வந்தாலும் கௌசல்யா கதையை ஆரம்பித்துவிடுவாள், "அது நான்தான்" என்ற இடத்தை மாமா சொல்லி முடிப்பார். மலையேறும் முன் எனக்குப் போன் போட்டு, "என்ன மாப்ள, இன்னைக்கு வீட்டுல இருக்கீகளா, ரோட்டுல நிக்கிறீகளா?" என்று கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிகாலையில் போன் வந்தது. வழக்கமான கேள்விதான். ஆனால் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மாப்ள, எங்கன இருக்கீக?"

"வீட்டுலதான் மாமா."

"நெசமாவா?"

"நெசமா மாமா. கௌசல்யாட்ட வேணா குடுக்கவா?"

ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

"வேணாம். அப்ப இங்கன நிக்கிறது வேற ஆளு."