கம்பெனி பாயும் இங்கிலாந்துத் தச்சரும்

அமீரகத்துப் புஜைராவில் கம்பெனி பாய் அளவுக்குக் கோபப்பட இனி ஓர் ஆள் பிறந்துதான் வரவேண்டும். எங்கள் மரப்பட்டறை மூலையில் நிற்கும் அறுப்பு மெஷினை யாராவது ‘பழைய இரும்பு’ என்றால் போதும், கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவார். டீ கீழே போனால் அரைமணி நேரம் யாருக்கும் வேலை ஓடாது.

பாய் தொண்டிக்காரர். மெஷினோடு வந்த பழைய புத்தகத்தை, ஆபீஸ் கிளார்க்கான என்னை வாசிக்கச் சொல்லியே அதைச் செய்த கம்பெனியின் வரலாற்றை மனப்பாடம் செய்து ‘கம்பெனி பாய்’ ஆனவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தச்சர் ஒருவர் குதிரை லாயத்தில் தொடங்கினார். தீப்பிடித்தது. மறுபடி கட்டினார். பிறகு மகன்கள் அடித்துக்கொண்டு, இளையவன் எதிர்த்தெருவிலேயே போட்டிக் கம்பெனி வைத்தான். செத்து நூறு வருஷம் ஆன அந்த இளையவன் மேல் பாய்க்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

இதை ஒப்பிக்காமல் புது ஆள் யாரும் சுவிட்சைத் தொட முடியாது. பெஷாவர்க்காரர் ஒருவர் அப்பா, தீ, அண்ணன் தம்பி சண்டை என்று உருதுவில் சுருக்கமாக முடித்தார். மறுபடி கட்டியதை விட்டதற்காக பாய் அவரை ஃபெயிலாக்கினார்.

போன வருஷம் மானேஜர் மெஷினைக் காயலான் கடைக்குப் பேசி முடித்தார். லாரி வந்தது. பாய் குறுக்கே நின்றார்.

“யாரு செஞ்சதுன்னு தெரியாமத் தூக்கிருவீகளோ? கேட்டுட்டுத் தூக்குங்க.”

லாரிக்காரர் திருநெல்வேலி. முழுக்கக் கேட்டார். தனக்கு மனசு வரவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று காலி லாரியோடு போய்விட்டார். மானேஜரும் அதற்குமேல் பேச்செடுக்கவில்லை.

மூன்றே மாதத்தில் பாயின் விசாவை கேன்சல் செய்தார்கள். வயதாகிவிட்டதாம். அன்றைக்குக் குறுக்கே நிற்க ஒருவருமில்லை. மானேஜரை விடுங்கள், நான் என்ன கிழித்தேன்? அந்தக் காகிதத்தை டைப் செய்ததே நான்தான். பாஸ்போர்ட்டைத் திறந்தபோதுதான் அவர் பெயரே தெரிந்தது. எவனோ இங்கிலாந்துக்காரனின் குடும்பச் சண்டையை வருஷக்கணக்கில் கேட்டோம். இவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஒருநாள் கேட்டிருப்போமா?

கிளம்பும்போதுகூட அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அந்த இளையவன் சங்கதிய மட்டும் விட்டுறாதீக தம்பி” என்றார்.

விடவில்லை பாய், மேலே எழுதியிருக்கிறேன். உங்களைப் பற்றி எழுதியதில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், டீயைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.