என் ஆள் வென்ற வெள்ளிக்கிழமை

பெயர் வாங்காத குத்துச்சண்டைக்காரர்களை ரசிப்பதென்றால் கல்யாணத்துக்கு முன்பே ரசித்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, அதுவும் மாமனார் வீட்டில் இருந்துகொண்டு, அந்த ஆசையெல்லாம் கூடாது. (இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கோபித்துக்கொண்டு போவதற்கும் அவனுக்கு வேறு வீடு கிடையாது.)

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் மருதமுனைக்காரன். கல்முனையில் ஒரு வங்கியில் எழுதுவினைஞர் வேலை. சாய்ந்தமருதில் பரீதாவைக் கல்யாணம் முடித்து மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் எனக்கு ராஜமரியாதை. மாமி எனக்கு முகம் காட்டமாட்டார். திரைக்குப் பின்னால் நின்று, "மருமகனுக்கு இன்னொரு முட்டை வைங்க" என்று உத்தரவு மட்டும் வரும். மாமாவும் நானும் ஒரே சஹனில் சாப்பிடுவோம். சஹன் என்பது பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. கோழியின் நல்ல துண்டை மாமா விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். இந்த வீட்டில் நான் ஒரு ஆள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

மாமாவுக்குச் சவளக்கடைப் பக்கம் வயல். கோபம் வந்தால் வரம்பே நடுங்கும் என்பார்கள். அவருக்கு ஒரு சாம்பியன் இருந்தான். சலூன் கண்ணாடிக்கு மேலே படம் ஒட்டும் அளவுக்குப் புகழ்பெற்ற அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரன். அடித்தால் எதிராளி விழுவான், விழுந்தால் எழும்பமாட்டான். எனக்கும் ஒருவன் இருந்தான். அவன் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது, அவனுடைய பிரச்சினையே அதுதான். அவன் யாரையும் விழுத்தமாட்டான். அடி படாமல் விலகுவான், இடது கையால் தட்டுவான், மறுபடியும் விலகுவான், கடைசியில் புள்ளிகளில் வெல்வான். சனம் கூவென்று கத்தும். கொழும்பிலிருந்து வரும் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளில் அவனைத் தேடித் தேடிப் படிப்பேன். உலகம் மதிக்காத ஒருவனை நான் மதிக்கிறேன் என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

இந்த இருவரும் மோதிய சண்டையின் வீடியோ கசெட்டை ஜித்தாவிலிருந்து லீவில் வந்த நிஸ்தார் மச்சான் கொண்டுவந்தார். பரீதாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன், அவர். சண்டை நடந்து மாதக்கணக்காகியிருந்தது. முடிவு மட்டும் எங்கள் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை வங்கிக்கு லீவு போட்டேன். ஜும்ஆவுக்குப் பிறகு, தெருவின் ஆண்கள் பாதிப்பேர் எங்கள் ஹோலில் இருந்தார்கள். மாமா சாய்மனைக் கதிரையில். நான் பக்கத்தில், புது மாப்பிள்ளைச் சாரனில்.

"மகன், எத்தினையாம் ரவுண்டில விழுத்துவான் எண்டு நினைக்கிறீங்க?" என்று மாமா அன்பாகத்தான் கேட்டார்.

'நீங்க சொன்னாச் சரி மாமா' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விரிவுரை ஆற்றினேன். மாமாவின் சாம்பியனுக்குக் கால் வேலை போதாது, பாதுகாப்பு போதாது, படத்துக்குத்தான் அவன் நல்லவன், வெல்லப்போவது என் ஆள்தான் என்றேன். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மாமா எழும்பினார்.

"வல்லாஹி! அவன் வெண்டுட்டானெண்டா, இவனோட ஒரு சஹன்ல நான் கை வைக்கமாட்டன்!"

அல்லாஹ்வின் பேரில் சத்தியம், அதுவும் தெருவே சாட்சி. திரைக்குப் பின்னால் மாமி, "யா அல்லாஹ்" என்றது எல்லாருக்கும் கேட்டது. புது மருமகனோடு மாமனார் சாப்பிடவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. அஸர் தொழுகைக்கு முதல் அந்தக் கதை கல்முனைக்குப் போய்விடும், மஃரிபுக்கு மருதமுனைக்கு.

மச்சான் வீடியோ டெக்கை ஓடவிட்டார்.

அன்றைக்கென்று என் ஆள் எவ்வளவு அழகாக விளையாடினான் தெரியுமா? வாழ்நாளிலேயே நல்ல சண்டை! மாமாவின் சாம்பியன் வீசியதெல்லாம் காற்றில். ஒவ்வொரு ரவுண்டும் முடிய நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். சுருட்டைப் பற்றவைக்காமலே வாயில் வைத்திருந்தார். நான் உள்ளுக்குள் துஆ கேட்க ஆரம்பித்தேன். "யா அல்லாஹ், இவனைத் தோற்கச் செய்." எப்போதோ முடிந்துபோன சண்டையின் முடிவை மாற்றச் சொல்லி மன்றாடிய மடையன் இந்தத் துனியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடைசி ரவுண்டில் துஆ பலித்தது போலிருந்தது. சாம்பியனின் வலது கை என் ஆளின் தாடையில் இறங்க, அவன் பொத்தென்று விழுந்தான். ஹோலே துள்ளியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் நான்தான். "கிடடா! அப்படியே கிடடா!" என்றேன். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கிடந்தானா? நடுவர் எட்டு எண்ணும்போது எழும்பிவிட்டான். யாரும் மதிக்காதவனுக்கு ரோஷம் மட்டும் அதிகம்.

மணி அடித்தது. இனிப் புள்ளிக் கணக்கு. திரையில் கோட்டுப் போட்டவர் ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். ஹோலில் யாருக்கும் அது விளங்கவில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"என்ன மகன் சொல்றான்?" என்றார் மாமா. தன் வாயால் தானே மாட்டிக்கொண்டது அவருக்கும் தெரியும்.

எனக்கு விளங்கிவிட்டது. என் ஆள் வென்றுவிட்டான். ஒரு பொய் சொன்னால் போதும், இரவுச் சாப்பாட்டுக்குக் கோழித்துண்டு என் பக்கம் வரும். "மாமா, உங்கட ஆள்தான்..." என்று தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து நடுவர் என் ஆளின் கையைப் பிடித்து வானத்துக்குத் தூக்கினார்.

மாமா தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். சனமும் செருப்பைத் தேடிக்கொண்டு கலைந்தது.

அன்றிரவு சஹனுக்கு முன்னால் நான் மட்டும். மாமா வயலில் இருக்கும் வாடிக் குடிசைக்குப் போய்விட்டாராம். அடுத்த நாளும் வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து முட்டை உத்தரவும் வரவில்லை, மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. திங்கட்கிழமை வங்கிக்கு வந்தவர்கள் காசை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை மருதமுனையிலிருந்து வாப்பாவே வந்து வாசலில் நின்றார். "மரியாதையில்லாத இடத்தில என்ட புள்ள இருக்கத் தேவையில்ல. உடுப்பக் கட்டு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பரீதாவை விட்டுப் போவதா, அதுவும் முகம் தெரியாத ஒரு அமெரிக்கனுக்காக?

பரீதாதான் அழாமல் யோசித்தவள். வாப்பாவுக்குத் தேநீர் கொடுத்து இருத்திவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் லெப்பையின் வீட்டுக்குப் போய்த் தீர்ப்போடு வந்தாள். "சத்தியத்த முறிக்கலாமாம். அதுக்குப் பரிகாரமா கப்பாறா குடுக்கோணும். பத்து ஏழைக்குச் சாப்பாடு."

வாடிக்கு ஆள் போனது. பதிலும் உடனே வந்தது. மாமா சம்மதம், ஆனால் ஏழைகளைத் தேடிப் பிடிப்பது மருமகனின் பொறுப்பு.

சாய்ந்தமருதில் ஏழைகளுக்குக் குறைவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே ஒருவனை ஏழை என்று சொல்லிப் பாருங்கள். முதலில் போனது ஒரு கரைவலைக்காரரிடம். விஷயத்தைச் சொன்னேன். "ஆரப் பாத்து ஏழையெண்டு சொல்றாய்?" என்று துடுப்பைத் தூக்கினார். என் ஆளிடம் படித்த விலகல் அன்றைக்குத்தான் உதவியது. கடைசியில் பரீதா சொல்லித்தந்தபடி, "எங்கட வீட்டுல ஒரு வில்லங்கம், உங்களாலதான் தீர்க்க ஏலும்" என்று கெஞ்சினேன். உதவி செய்ய எல்லாரும் வந்தார்கள், அந்தக் கரைவலைக்காரர் உட்பட.

அவர்கள் உண்டு எழும்பிய பிறகு மாமா கை கழுவிக்கொண்டு என் எதிரே இருந்தார். வாப்பாவையும் பக்கத்தில் இருத்தினார். நெடுநேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு கோழித்துண்டை என் பக்கம் தள்ளி, யாருக்கும் கேட்காமல், "விழுந்தும் எழும்பினான் மகன், அவன் ஆம்பிளதான்" என்றார்.

மாமா மவுத்தாகி வருஷங்களாகிவிட்டன. ஆனால் இன்றைக்கும் தேர்தலோ கிரிக்கெட்டோ, நான் தொண்டையைச் செருமினால் போதும், குசினியிலிருந்து பரீதாவின் குரல் வரும். "பத்துப் பேருக்கு அரிசி போடட்டா?"

போன மாதம் என் மருமகன் ஏதோ ஒரு ஆட்டக்காரனைப் பற்றி எனக்கே விரிவுரை ஆற்றினான். எனக்குப் பொறுக்கவில்லை. "வல்..." என்றுதான் வாயைத் திறந்தேன். குசினியில் பெரிய பானையை இறக்கும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு, கோழித்துண்டை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.