தலையணை மேல் முப்பது செகண்ட்

இரும்புலியூர்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் டெனிஸுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அக்கா ஷீலாவும் என் இடது கணுக்கால் நீங்கலாக நலம். பொழிச்சலூரில் உங்கள் நலமறிய ஆவல். போனில் சொன்னால் சிரிப்பாய் என்பதால் எழுதுகிறேன்.

என் மகள், உன் மருமகள் அபிகாயில் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான். சர்ச் வாசலிலிருந்து ஆல்டர் வரைக்கும் நான்தான் அவள் கையைப் பிடித்து நடக்க வேண்டும், அதுவும் கைத்தடி இல்லாமல். பாத்ரூமில் வழுக்கினதிலிருந்து நான் ஷேர் ஆட்டோ மாதிரி ஆடி ஆடி நடக்கறேன்னு உன் அக்காவே சொல்றா. அதனால ஆறு வாரமா பிசியோதெரபி கிரீஷ் தம்பி வீட்டுக்கு வர்றான். தரையில தலையணையைப் போட்டு, "சார், இது மேல ஒத்தைக்கால்ல நின்னு முப்பது செகண்ட் கண்ணை மூடுங்க. கண்ணு உதவாதப்போ பாதமும் கணுக்காலும் தானா பேலன்ஸ் கத்துக்கும்"னான். கண்ணை மூடினா எனக்கு என்ன வரும்? ஜெபம்தான் வரும்! ஜெபம் முப்பது செகண்ட்ல முடியுமா? மிஷனரிகளை முடிச்சு, வியாதிஸ்தரை முடிச்சு, அரசாங்கத்துக்கு வர்றதுக்குள்ள கால் கிடுகிடுன்னு ஆடுது. ஆமென் சொல்லாம கண்ணைத் திறக்கவும் மனசாட்சி விடலை. நேத்து கல்யாண விஷயமா பேச வந்த சர்ச் பெண்கள் எட்டு பேர், நான் ஏதோ பெரிய பொருத்தனை ஜெபம் பண்றேன்னு நினைச்சு, சத்தமில்லாம சுத்தி நின்னு கண்ணை மூடிட்டாங்க. செல்வமேரி அக்கா ஒருபடி மேலே போயி ஒத்தைக்கால்ல! எட்டு பேரும் திடீர்னு "ஸ்தோத்திரம்!"னதும் நான் பதறி செல்வமேரி அக்கா மேல சாய, அக்கா சோபா மேல சாய, சோபாவில இருந்த சாம்பிள் கேக் சட்னி. அடி யாருக்கும் இல்லை. கேக்கை ஸ்பூன்ல வழிச்சுச் சாப்பிட்டோம்.

அவங்க போனதும் ஷீலா, "டெனிஸே கூட்டிட்டுப் போகட்டுங்க"ன்னா. முடியவே முடியாதுன்னேன் மச்சான். ஆனா சர்ச் நடுவுல பொண்ணையும் இழுத்துக்கிட்டு விழுந்தா? ஆகவே தாய்மாமன் நீயே அவளை அழைத்துப் போ. கோட்டு தைக்க இன்றைக்கே கொடு. கிரீஷையும் நிறுத்தப் போகிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

கர்த்தர் தாமே உங்கள் எல்லாரையும் சமாதானத்தோடும் உறுதியான முழங்கால்களோடும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்
சாலமோன்

பின்குறிப்பு: இதைப் போஸ்ட் பண்ணலாம்னு பேன்ட் போட்டேன். பெல்ட் மாட்டறப்பதான் கவனிச்சேன், வழுக்கினதிலிருந்து உட்கார்ந்துதான் போடுவேன், இன்னிக்கு கட்டில்ல உட்காரவே இல்லை! செவுத்தையும் பிடிக்கலை! ரூம் நடுவுல ஒத்தைக்கால்ல நின்னுக்கிட்டே ஒண்ணு மாத்தி ஒண்ணா ரெண்டு காலையும் விட்டிருக்கேன்! நம்பிக்கை வராம கழட்டி மறுபடி போட்டேன். ஷீலாவைக் கூப்பிட்டு மூணாந்தடவை போட்டுக் காட்டினேன், அழுதுட்டா. மேலே எழுதினது எதையும் படிக்காதே. என் பொண்ணை நான்தான் கூட்டிட்டுப் போவேன். நீ வந்து பந்தியைப் பார்த்துக்கோ.