செவேரோவின் காரில் ஒட்டியிருந்த டாக்ஸிப் பட்டை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் சூப்பில் விழட்டும். கொஞ்சம்தான் மிச்சம் என்பதால் எனக்கு அவற்றின் மேல் பிரியம் அதிகம். இனி நம்புவது உங்கள் பாடு.

செவேரோ முற்றத்தில் காரின் முன்னால் மண்டியிட்டு, வலதுபக்கக் கதவுகளின் மேல் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட டாக்ஸிப் பட்டை. பட்டை வரவில்லை. நகம் வந்தது.

"பாசிலியா, அந்தச் சின்னக் கத்தியக் குடு."

"பெயிண்ட்ல கத்தி பட்டுதுன்னா, அடுத்தது உன் மேலதான் படும்" என்றாள் அவன் மனைவி, உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தாமல்.

அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. எங்கள் மலையூரான எல் ஆல்டோவில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தத் திருநாளில், சரியாக உச்சி மணி அடிக்கும்போது புகை காட்டிய பொருள் எந்தக் கோலத்தில் இருக்கிறதோ அந்தக் கோலத்திலேயே வாய்க்கும். கீறலோடு காட்டினால் கீறலோடுதான். டாக்ஸியாகக் காட்டினால் டாக்ஸிதான். மணி தாண்டினால் அடுத்த ஆண்டுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும்.

நமக்கு நாமே வாங்கிக்கொள்வதைவிட அடுத்தவர் கையால் வந்தால் பலன் கூடுதல் என்பதால், காரை வாங்கிக் கொடுத்தவன் பாசிலியாவின் தம்பி குமெர்சிந்தோ. நல்ல நீலம், பளபளவென்று. ஆனால் பட்டையையும் சேர்த்து வாங்கியிருந்தான்.

"வேணும்னுதான் வாங்கினேன் மாமா" என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனான். "டாக்ஸின்னா நீங்க வெடிகாலைல எழுந்தே ஆகணும். எங்க அக்காவும் எத்தன நாளைக்குத்தான் உங்க குறட்டையப் பாத்துக்கிட்டு இருப்பா?"

செவேரோ திருவிழா பாண்டில் டியூபா ஊதுபவன். திருவிழா இல்லாத நாட்களில் அந்த டியூபா சுவரில் சாய்ந்திருக்கும். அவன் கட்டிலில் சாய்ந்திருப்பான். உதிக்கும் சூரியனை அவன் கடைசியாகப் பார்த்தது கல்யாணத்தன்று. அதுவும் அவன் விருப்பமில்லாமல். ஆகவே பட்டை போகவேண்டும். உச்சிக்குள் போகவேண்டும்.

பக்கத்து வீட்டு காசிமிரோ சுவருக்கு மேலாகத் தலையை நீட்டினான். ஒரு காலத்தில் கார் கழுவும் இடத்தில் வாளி தூக்கியவன். அன்றிலிருந்து தன்னை எஞ்சினியர் என்று நம்புகிறவன்.

"சூடு காட்டணும் தம்பி. பசை இளகினப்புறம் மேல இழுக்காம, படிய வச்சு மெதுவாப் பின்னால இழுக்கணும். மாமியார்கிட்ட வீட்டுப் பத்திரம் வாங்கற மாதிரி."

"வெயில்ல வச்சாப் போதுமா?"

"இந்தக் குளிர்காத்துல வெயில் எங்க சுடுது, தோல எரிக்கத்தான் செய்யுது. முடி காய வைக்கற மெஷின் கொண்டா."

அழகு நிலையம் வைத்திருக்கும் ருஃபினா மெஷினைக் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, கூடவே தானும் வந்தாள், தலையில் பாதி சாயம் பூசிய இரண்டு வாடிக்கையாளர்களோடு. செவேரோ சூட்டைக் காட்டினான். பட்டையின் முனை எழுந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். காசிமிரோ, "இன்னும், இன்னும்" என்றான். இன்னும் காட்டியதில் முன் பம்பர் வளைந்து, ஒரு பக்கமாகச் சிரிக்க ஆரம்பித்தது.

"கார் ஏன் என்னப் பாத்து இளிக்குது?" என்றாள் பாசிலியா.

"அது அப்படித்தான் வந்துச்சு."

"நீயும் அப்படித்தான் வந்தே. அதுக்காக உன்ன வச்சுக்கிட்டேன், இதையும் வச்சுக்கணுமா?"

"அடுத்தது நரம்பு" என்றான் காசிமிரோ, கையைத் தேய்த்துக்கொண்டு. "பட்டைக்கும் கதவுக்கும் நடுவுல நைலான் நரம்ப விட்டு, ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தா பெயிண்ட்ல ஒரு கோடு விழாது."

பாண்டுக்காரன் செவேரோவின் வீட்டில் நரம்புக்குப் பஞ்சமில்லை. சரங்கோ என்ற குட்டி கிட்டாரிலிருந்து ஒன்றைக் கழற்றி இரண்டு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேலை செய்தது. வலதுபக்கப் பட்டை முழுசாக உரிந்து விழுந்தது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. அந்த உற்சாகத்தில் இடதுபக்கத்தையும் அறுத்தார்கள். பட்டையோடு பக்கக் கண்ணாடியும் வந்துவிட்டது.

"பரவால்ல" என்றான் செவேரோ. "எனக்கு முன்னால பாத்து ஓட்டறதுதான் வழக்கம்."

"நீ எங்க ஓட்டினே?" என்றாள் ருஃபினா.

இருபக்கமும் பசை மட்டும் பிசுபிசுவென்று நின்றது. அதற்கு எண்ணெய் என்றான் காசிமிரோ. துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் பசை திரண்டு வந்துவிடுமாம். பாசிலியா வீட்டில் முந்தின நாள் கோழி பொரித்த எண்ணெய்தான் இருந்தது. தேய்த்தார்கள். பசை போவதற்குள் தெரு நாய் வந்தது. அதை விரட்டுவதற்குள் வலதுபக்கம் முழுவதையும் நக்கிச் சுத்தமாக்கிவிட்டது. அன்று அந்த முற்றத்தில் ஒழுங்காக வேலை பார்த்தது அந்த ஒரு ஜீவன்தான் என்று இன்றும் எங்கள் தெருவில் சொல்வார்கள்.

இடதுபக்கத்துக்கு நாய் தயாராக இல்லை. வயிறு நிறைந்துவிட்டது.

"அப்ப சாராயம்" என்றான் காசிமிரோ.

"குடிக்கவா?"

"துணிக்கு. மிச்சம் எனக்கு."

சாராயம் தொட்ட துணியைச் செவேரோ அழுத்தி இழுத்தான். பசை வந்தது. அதன் பின்னாலேயே நீலமும் வந்தது. துணி வானம்போல ஆகிவிட்டது. கதவுகளின் மேல், பட்டை இருந்த இடத்தில், பட்டை அகலத்துக்கே ஒரு வெள்ளைக் கோடு.

ருஃபினாவின் வாடிக்கையாளர்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாசிலியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். பார்த்தாள். "ஒட்டு" என்றாள்.

"எத?"

"பட்டைய. திரும்ப ஒட்டு. பெயிண்ட் போன காருக்குப் பட்டை போட்ட காரு எவ்வளவோ மேல். உச்சி ஆகப்போகுது."

அரிசிக் கஞ்சியில் ஒட்டினார்கள். கோணலாக.

சந்தை வாசலில் ஊரே நெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குள் செவேரோ காரை எப்படி நுழைத்தான் என்று கேட்காதீர்கள், நுழைத்தான். "யோவ், காரோட எங்கய்யா இடிச்சிக்கிட்டு வர்றே?" என்று ரொட்டிக்காரிகள் திட்டினார்கள். ஒருபுறம் பாதிரியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து பத்தடி தள்ளி, கரி அடுப்பில் சாம்பிராணி போட்டு தூபக்காரி சாட்டூர்னினா சாராயம் தெளித்துக்கொண்டிருந்தாள். இரண்டில் எது வேலை செய்கிறது என்று தெரியாததால் எங்கள் சனங்கள் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். பாதிரியாரின் வரிசை நீளம். செவேரோ சாட்டூர்னினாவிடம் போனான்.

கோயிலில் உச்சி மணி அடித்தது. அவள் புகையைக் காட்டினாள், சாராயம் தெளித்தாள், காரின் மேல் மஞ்சள் இதழ்களைத் தூவினாள். வாயில் ஏதோ முணுமுணுத்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது. பட்டை ஆடாமல் அசையாமல் நின்றது. வாழ்நாளில் செவேரோ ஒட்டிய எதுவும் அவ்வளவு உறுதியாக நின்றதில்லை.

அப்போதுதான் அவன் உடைந்து அழுதான். டியூபா ஊதி ஊதிப் பெருத்த கன்னங்களில் கண்ணீர் வழிந்தது.

"முடிஞ்சுது. இனி வெடிகாலைல எழுந்துக்கணும். பனியில, இருட்டுல, விமான நிலையத்துக்கு எவனையாவது ஏத்திக்கிட்டுப் போகணும். சாகறவரைக்கும்."

"அழுவட்டும் விடுங்க" என்றாள் பாசிலியா, முகத்தில் ஒரு பிரகாசத்தோடு. "நாளையிலேந்து அலாரம் வைக்கறேன்."

பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். சாட்டூர்னினா அடுத்த பிடி சாம்பிராணியை அடுப்பில் போட்டுவிட்டு, அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்குப்பா இந்த ஒப்பாரி? பொம்மைக் காருக்குப் புகை போட்டா வருஷத்துக்குள்ள நெசக் கார் வரும்னு ஊருக்கெல்லாம் சொல்றவளே நான்தான், நானே இன்னிக்கும் பஸ்ல தொங்கிக்கிட்டுதான் வந்தேன். கைய நீட்டு, இதச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு நகரு."