பதினோரு எலிகளும் பத்தடி நிலமும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று காலை ஏழு மணிக்கு, என் வயலை ஒட்டியுள்ள உங்கள் காட்டில் வைத்த கூண்டுகளில் பதினோரு எலிகள் சிக்கின. எல்லாவற்றின் காதிலும், முன்பு என் கடலை வயலில் பிடித்து மாட்டிய எண் வில்லை இருந்தது. எலிகளை ஆராய வந்திருக்கும் அந்தப் பெண் நோட்டைக் காட்டியே சொன்னாள். உங்கள் மருமகளும் பேரனும் ஒரு வாரமாக இங்கே என்னோடு நலம். அங்கு அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான்கு வருடமாக நான் சொல்வதும் இதுதான். என் வயலில் தின்றுவிட்டு உங்கள் காட்டில் போய்ப் படுக்கின்றன. காட்டை வெட்டுங்கள் என்று கேட்டதற்கு, கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "எலி போறதை யாராவது கண்ணால பார்த்துச் சொல்லட்டும் சம்பந்தி, மறுநாளே வெட்டிடறேன்." பிறகு இந்தப் பெண் வந்து நான்கு மாதம் இரண்டு பக்கமும் கூண்டு வைத்தாள். காட்டில் சிக்கியதெல்லாம் மூஞ்சூறும், மரமேறும் சுண்டெலியும். என் வயல் எலி ஒன்றுகூட வரப்பைத் தாண்டவில்லை. அதைக் கேட்டு உங்கள் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தீர்களாம். சிரியுங்கள். நேற்று சாட்சி கிடைத்ததென்று சட்டையை மாற்றிக்கொண்டு ஓடினேன், அவள் என்னைவிடச் சந்தோஷமாக இருக்கிறாள்! "சார், அறுவடை நெருங்கினா வயல் எலிக்கு இந்தக் காடுதான் புகலிடம். வெட்டவே கூடாது. வயல் ஓரமா பத்தடி உழாம விட்டா அதுங்க போக வர வசதியா இருக்கும்."

"யாரு வயல் ஓரமா?"

"உங்க வயல்தான் சார்."

அவள் எழுதும் அறிக்கைப்படிதான் வனத்துறை அந்தப் பத்தடிக்கு எல்லை போடுமாம். திருடனுக்கு நானே வாசல் பெருக்கி வைக்க வேண்டுமாம். ஆகவே சொன்ன சொல்லைக் காப்பாற்றி, காட்டை உடனே வெட்டிவிடுங்கள். சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அந்தப் பதினொன்றையும் வயலில் பிடித்து, காதில் வில்லை இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி, முந்தாநாள் உங்கள் காட்டில் கொண்டுபோய் விட்டவன் நான்தான். வழியில் உங்கள் மருமகள் பார்த்துவிட்டாள். "என்னப்பா, சாக்கு துள்ளுது?" "உரம்மா" என்றேன். உண்மையைச் சொன்னால் பத்தடி தப்பும். ஆனால் நான்கு வருடம் நான் பேசிய பேச்சு என்னாவது? மகளைச் சொல்லச் சொன்னேன். "நீங்க விட்ட எலி, நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டாள். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள்தான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னாலும் பரவாயில்லை. கடிதம் வியாழக்கிழமை உங்கள் கைக்கு வரும். அறிக்கை வெள்ளிக்கிழமை மதியம் போகிறது.